நாய் பேசினால் நம்புகிறோம்! நெசவாளி பேசினால்?

"தறிக்குழியில் உட்கார்ந்திருப்பவனுக்கு வேற்றுலகக் கதை எதற்கு?"

இப்படிக் கேலி பேசுகிறவர்கள் ஆரணியில் உண்டு. மற்ற ஊர்களிலும் உண்டு.

கேலிக்கு ஆளானவர் ஒரு பட்டு நெசவாளி. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பகலெல்லாம் குழித்தறி. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் செல்போன். அதில் அவர் பார்ப்பது "ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்" என்ற அமெரிக்க விஞ்ஞானத் தொடர். தமிழில் பேசுகிறது. அதனால் பார்க்கிறார்.

தொடர் முடிந்துவிட்டது. அவர் கோபம் முடியவில்லை!

செத்தாளா? பிழைத்தாளா?

இந்தத் தொடர் 2016-ம் ஆண்டு ஜூலை மாதம் தொடங்கியது. மொத்தம் 42 அத்தியாயம். கடைசி அத்தியாயம் 2025 டிசம்பர் 31-ந்தேதி அமெரிக்காவில் வெளியானது. நம் ஊர்க் கணக்குப்படி 2026 புத்தாண்டு காலை.

கதை நடப்பது ஹாக்கின்ஸ் என்ற கற்பனைச் சிற்றூரில். காலம் 1980-கள். அங்கே ஒரு ரகசிய ஆராய்ச்சிக்கூடம். அதில் அடைத்து வளர்க்கப்பட்ட ஒரு பெண் குழந்தை. அவளுக்குப் பெயர் கிடையாது. கையில் குத்திய எண்தான் பெயர். பதினொன்று!

அந்தப் பெண் தப்பி வந்து நாலு பையன்களோடு சேருகிறாள். நினைத்தாலே பொருளை நகர்த்தும் சக்தி அவளுக்கு உண்டு. கடைசியில் ஊரைக் காப்பாற்றத் தன்னையே பலி கொடுக்கிறாள். செத்துவிட்டாள் என்றுதான் தெரிகிறது. ஆனால், நண்பர்களில் ஒருவன், "அவள் எங்கேயோ உயிரோடு இருக்கலாம்" என்று ஒரு கதை சொல்கிறான். மற்றவர்கள் நம்புகிறார்கள். தொடர் முடிகிறது.

ஆரணி ரசிகருக்கு இதுதான் பொறுக்கவில்லை.

"இன்னாப்பா இது? பத்து வருசமா பாத்தாச்சு. செத்துச்சா பொழைச்சுச்சான்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டானா? சேலையை நெய்ஞ்சு முந்தானையை மட்டும் விட்டுட்டா எவனாவது காசு குடுப்பானா?" என்று டீக்கடையில் கேட்டார்.

கேள்வி நியாயமானதுதான்.

இன்னொரு குறையும் சொன்னார். நாலாவது பாகம் வந்தது 2022-ல். ஐந்தாவது பாகம் வந்தது 2025 கடைசியில். "நடுவுல மூணு வருசத்துக்கு மேல ஆயிப்போச்சு. பள்ளிக்கூடப் பசங்கன்னு சொல்றான். எல்லாம் மீசை வச்ச ஆளா நிக்குது!"

ஆனால், பாராட்டும் இருந்தது. "பசங்க ஒருத்தனை ஒருத்தன் விட்டுக் குடுக்கலை பாரு. அதுக்காகத்தான் பாத்தேன்" என்றார்.

அவர் மட்டும் அல்ல. முடிவு பிடிக்காமல் உலகம் முழுவதும் ரசிகர்கள் பொருமினார்கள். ஒளித்து வைத்த இன்னொரு அத்தியாயம் வரப்போகிறது என்று ஒரு வதந்தி கிளம்பியது. 2026 ஜனவரி முதல் வாரம் முழுக்கக் காத்திருந்தார்கள். வரவில்லை.

அமெரிக்காவில் இப்படிப் பொருமினால் அது ரசனை. ஆரணியில் பொருமினால் கிண்டல்! இது என்ன நியாயம்?

தலைக்கு மேலே கம்ப்யூட்டர்

கிண்டல் செய்கிறவர்கள் ஒரு தரம் ஏதாவது ஒரு தறிவீட்டுக்குள் போய் அண்ணாந்து பார்க்கட்டும்.

தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். அதில் வரிசையாகக் கோத்த அட்டைகள் தொங்கும். அட்டையில் துளைகள் இருக்கும். துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும். அதோடு சேர்ந்த கொக்கி பாவு இழையைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் இழை அப்படியே கிடக்கும். ஒரு மிதிக்கு ஒரு அட்டை. இப்படித்தான் சேலையில் மயிலும் மாங்காயும் வருகின்றன.

துளை இருந்தால் "ஆமாம்". இல்லாவிட்டால் "இல்லை". கம்ப்யூட்டருக்குத் தெரிந்த பாஷையும் இந்த இரண்டே வார்த்தைதான்!

இந்தப் பெட்டிக்குப் பெயர் கொடுத்தவர் ஜோசப் மேரி ஜக்கார்டு. பிரான்சு நாட்டில் லியோன் என்ற பட்டு ஊர்க்காரர். 1804-ம் ஆண்டு வாக்கில் இதை உருவாக்கினார். பிறகு அவருடைய உருவத்தையே பட்டில் நெய்தார்கள். அந்த ஒரு படத்துக்குச் சுமார் 24 ஆயிரம் அட்டைகள் தேவைப்பட்டன. அதில் ஒரு பிரதியை வாங்கி வைத்திருந்தவர் இங்கிலாந்து கணித மேதை சார்லஸ் பாபேஜ்.

கணக்குப் போடும் இயந்திரம் ஒன்றுக்கு 1830-களில் திட்டம் போட்டவர் இந்த பாபேஜ். அந்த இயந்திரத்துக்கு உத்தரவு கொடுக்க அவர் எடுத்துக்கொண்டது தறியின் துளை அட்டையைத்தான். அவர் காலத்தில் இயந்திரம் முடியவில்லை. ஆனால், யோசனை சாகவில்லை. 1890-ல் அமெரிக்க ஜனத்தொகைக் கணக்கைத் துளை அட்டையால் எண்ணினார் ஹெர்மன் ஹோலரித். அவர் தொடங்கிய கம்பெனி வேறு கம்பெனிகளோடு சேர்ந்தது. 1924-ல் அதற்கு ஐ.பி.எம். என்று பெயர் வந்தது.

ஆக, கம்ப்யூட்டருக்குப் பாட்டன் தறி!

அந்தப் பாட்டனோடு பகல் முழுக்கக் குடித்தனம் நடத்துகிறவனுக்கு விஞ்ஞானக் கதை எதற்கு என்று கேட்பது, மீனவனுக்குக் கடல் எதற்கு என்று கேட்பது போல.

ஜீனோ சொன்ன வருஷம்

விஞ்ஞானத் தொடர் தமிழனுக்குப் புதிதும் அல்ல. 1963-ல் எம்.ஜி.ஆர். நடித்த "கலை அரசி" படத்திலேயே பறக்கும் தட்டு வந்து இறங்கிவிட்டது.

80-களில் ஆனந்த விகடனில் சுஜாதா எழுதிய "என் இனிய இயந்திரா" தொடர் வந்தது. வாரா வாரம் அதற்குக் காத்திருந்த கூட்டம் பெரிது. பிறகு தூர்தர்ஷனிலும் தொடராக வந்தது. அதை எழுதிய சுஜாதா பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் என்ஜினீயராக இருந்தவர். இயந்திரத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்.

அந்தக் கதையில் ஜீனோ என்று ஒரு இயந்திர நாய். புத்தகம் படிக்கும். கேள்வி கேட்கும். மனிதனைவிட நன்றாக யோசிக்கும். அதைப் படித்து மனம் விட்டவர்கள் இன்றைக்குத் தாத்தா, பாட்டி ஆகிவிட்டார்கள்.

கதை நடப்பதாக சுஜாதா வைத்த காலம் 2021, 2022. அந்த நாட்டில் யாருக்கும் இரண்டு எழுத்துக்கு மேல் பெயர் கூடாது. குழந்தை பெற்றுக்கொள்ள அரசாங்கம் அனுமதி தர வேண்டும். நாட்டை ஆளும் ஜீவா என்ற சர்வாதிகாரி கடைசியில் பார்த்தால் ஆளே இல்லை. வெறும் ஒளிப்படம்!

2021 வந்தது. போயும்விட்டது. ஜீனோ வரவில்லை. வந்தது கொரோனா. ஊரடங்கில் கல்யாணங்கள் சுருங்கின. கல்யாணம் சுருங்கினால் பட்டுச் சேலை சுருங்கும். பட்டுச் சேலை சுருங்கினால் ஆரணி அடுப்பு சுருங்கும். இதை எந்த விஞ்ஞானக் கதையும் எழுதவில்லை.

ஆனால், வேறு ஒன்று பலித்தது. மனிதன் எண்ணாக மாறுவது! 2010-ல் முதல் ஆதார் எண் கொடுக்கப்பட்டது. இன்றைக்கு ரேஷனுக்கு எண். பாங்கிக்கு எண். நெசவாளர் அட்டைக்கும் எண். "பதினொன்று" என்ற பெண்ணின் கஷ்டம் ஆரணிக்காரருக்கு ஏன் புரிகிறது என்று இப்போது தெரிகிறதா?

கதை கேட்கும் கேள்வி

நல்ல விஞ்ஞானக் கதை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான். இயந்திரம் யார் கையில்?

லியோன் நெசவாளர்கள் அந்தக் கேள்வியைத் தெருவில் இறங்கிக் கேட்டவர்கள். ஜக்கார்டு பெட்டி வந்தபோது, பிழைப்பு போய்விடும் என்று பயந்தார்கள். 1831-ல் நியாயமான கூலி கேட்டுப் பெரிய கலகமே செய்தார்கள். 1834-ல் மறுபடியும் எழுந்தார்கள். அவர்கள் கேட்டது பெட்டியை உடைக்க அல்ல. பெட்டியால் வரும் காசில் தங்களுக்கு உள்ள பங்கை!

ஆரணிக்கும் இதே கேள்வி வந்து நிற்கிறது.

முன்பு டிசைனைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து, கட்டம் கட்டமாக எண்ணி, அட்டையில் துளை போடுவார்கள். இப்போது அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. அட்டையே வேண்டாத எலெக்ட்ரானிக் ஜக்கார்டும் வந்துவிட்டது. ஒரு சேலையைப் போட்டோ பிடித்துக் கொடுத்தால், அதே மாதிரி நூறு டிசைன் வரைந்து தரும் செயற்கை அறிவும் வந்துவிட்டது.

வரட்டும். நல்லதுதான். முதுகு வலி குறைந்தால் யாருக்குக் கசக்கும்?

ஆனால், அந்த நூறு டிசைனுக்கும் தாய் யாரோ ஒரு நெசவாளியின் சேலை. அதில் அவருக்கு என்ன கிடைக்கும்? டிசைனைப் பதிவு செய்ய 2000-ம் ஆண்டு சட்டம் இருக்கிறது. பதிவு செய்தால் முதலில் 10 ஆண்டு, பிறகு 5 ஆண்டு உரிமை உண்டு. தறியை விட்டு எழுந்தால் அன்றைக்குக் கூலி இல்லாதவர், அதற்கு எந்த ஆபீசுக்கு அலைவார்?

சில ரகங்களைக் கைத்தறியில்தான் நெய்ய வேண்டும் என்று 1985-ல் சட்டம் வந்தது. 1993-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதைச் செல்லும் என்றது. முதலில் 22 ரகம் இருந்தது. பிறகு அது 11 ஆகக் குறைந்தது. அப்படி இருந்தும், விசைத்தறிச் சேலை கைத்தறி என்ற பெயரில் கடையில் தொங்குகிறது என்ற புகார் ஓயவில்லை. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. குறியீடு சேலைக்கு இருக்கிறது. நெய்தவன் பெயர் சேலையில் இருக்கிறதா?

செய்ய வேண்டியது

மூன்று காரியம் செய்யலாம். பெரிய செலவு இல்லை.

ஒன்று: கம்ப்யூட்டர் பாடம் நடத்தும் பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளை ஒரு நாள் தறிவீட்டுக்கு அழைத்துப் போகட்டும். அட்டையைக் காட்டிப் பாடம் சொல்லட்டும். தறிக்காரர் பிள்ளை அன்றைக்குத் தலை நிமிர்ந்து நிற்கும்.

இரண்டு: டிசைன் பதிவு செய்ய நெசவாளி சென்னைக்கு அலையக் கூடாது. கூட்டுறவு சங்கமே எழுதி, அனுப்பி, வாங்கித் தர வேண்டும்.

மூன்று: தமிழ் டி.வி.க்காரர்கள் மாமியார், மருமகள் சண்டைக்கு நடுவே ஒரு விஞ்ஞானத் தொடரும் எடுக்கட்டும். ஹாக்கின்ஸ் என்று இல்லாத ஊரைக் கற்பனை செய்து அமெரிக்காக்காரன் உலகத்தையே உட்கார வைத்துவிட்டான். நமக்கு ஊர் நிஜமாகவே இருக்கிறது. கமண்டல நாகநதிக் கரை, தறிச் சத்தம் கேட்கும் தெரு, தலைக்கு மேலே துளை அட்டை. இதைவிட என்ன வேண்டும்?

நாய் பேசியது என்று சுஜாதா எழுதினார். நம்பினோம். நினைத்தால் ரெயில் பெட்டியே நகரும் என்று அமெரிக்காக்காரன் காட்டுகிறான். அதையும் நம்புகிறோம். தறிக்காரர் வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசினால் மட்டும் சிரிக்கலாமா?

கதையில் வரும் பெண் செத்தாளா, பிழைத்தாளா என்பதை அவரவர் இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம். நஷ்டம் யாருக்கும் இல்லை.

ஆரணித் தறி செத்ததா, பிழைத்ததா என்ற முடிவை அப்படி அந்தரத்தில் விட முடியாது!