சிலிண்டர் மாத்துற தம்பிக்கு யார் சொல்லிக் கொடுத்தது?



தியேட்டர் இடைவேளையில கப்பை நீட்டுறோம், நுரை பொங்க கூல்டிரிங்ஸ் வருது. அந்த நுரைக்குக் காரணமான கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் எங்க இருக்குன்னு எட்டிப் பார்த்திருக்கீங்களா? கவுண்டருக்குக் கீழே இருக்கும். இல்லைன்னா மாடிப்படிக்கு அடியில, ஜன்னலே இல்லாத ஒரு சந்துல நிக்கும். கேஸ் தீர்ந்தா அதை மாத்துறது மெக்கானிக் இல்லை. பாப்கார்ன் போட்டுக் கொடுக்குற அதே தம்பிதான். "ஸ்பேனரை எடு, பழசைக் கழட்டு, புதுசை மாட்டு." அவனுக்குக் கிடைக்கிற மொத்தப் பயிற்சியும் இவ்வளவுதான்.

நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா மட்டும் ஒரு வார்த்தை ரெடியா இருக்கும்: "ஊழியரின் கவனக்குறைவு". சொல்லியே கொடுக்காத விஷயத்துல எப்படிங்க கவனக்குறைவு வரும்?

"இது தீயை அணைக்கிற கேஸ்தானே, இதுல என்ன ஆபத்து"ன்னு கேப்பாங்க. தீப்பிடிக்காது, உண்மைதான். ஆனா சமையல் கேஸ் கசிஞ்சா நாத்தம் வரும். அதுக்குன்னே அதுல ஒரு ரசாயனம் கலக்குறாங்க. இதுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், அதனால தரையோடு தேங்கும்.

ஒரு கணக்கு போடுவோம். 1 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியே வந்தா 500 லிட்டருக்கு மேல விரியும். 10 கிலோ சிலிண்டர்னா 5000 லிட்டருக்கும் மேல. பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம்னா மொத்தமே சுமார் 28,000 லிட்டர் காற்றுதான். காற்றோட்டம் இல்லாத அந்த அறையில சிலிண்டர் முழுசா கசிஞ்சா ஆறுல ஒரு பங்கு இந்த கேஸாகிடும். 10 சதவீதம் இருந்தாலே சில நிமிஷத்துல ஆள் மயங்கி விழுவார். மாடிப்படி சந்து பத்துக்குப் பத்து கூட இருக்காது.

கற்பனைன்னு நினைக்காதீங்க. 2011-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துல பூலர்ங்கிற ஊர், ஒரு பர்கர் கடை. கூல்டிரிங்ஸ் மெஷினுக்குப் போற கேஸ் லைன் கசிஞ்சு பெண்கள் கழிவறையில தேங்கிடுச்சு. 80 வயசு பெண்மணி ஒருத்தர் இறந்தே போனார். அவர் அங்க வாடிக்கையாளரா வந்தவர். அதனால இது கடை ஊழியர் பிரச்சினை மட்டும் இல்லை, உங்க வீட்டுப் பிரச்சினையும்தான்.

இன்னொண்ணு அழுத்தம். 20 டிகிரியில இந்த சிலிண்டருக்குள்ள சுமார் 57 பார். உங்க கார் டயர்ல இருக்கிறது 2 பார் சொச்சம். 31 டிகிரி தாண்டிட்டா உள்ளே திரவம், வாயுன்னு வித்தியாசமே இருக்காது, சூடு ஏற ஏற அழுத்தம் எகிறும். இதை இன்ஜினியரிங்ல எழுதி மார்க் வாங்கின லட்சம் பேர் நம்ம ஊர்ல இருக்கோம். சிலிண்டரைத் தொடுற தம்பிகிட்ட ஒருத்தரும் சொன்னதில்லை. நம்ம ஊர் வெயிலுக்கு 31 எல்லாம் காலை பத்து மணிக் கணக்கு.

சரியா மாத்துறது ராக்கெட் சயின்ஸ் இல்லை, அரை மணி நேரத்துல கத்துக் கொடுத்துடலாம். முதல்ல கதவைத் திறந்து வைக்கணும். பழைய சிலிண்டர் வால்வை முழுசா மூடிட்டு, ரெகுலேட்டர்ல மிச்சம் இருக்கிற அழுத்தத்தை வெளியேத்தி, மீட்டர் முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் நட்டுல ஸ்பேனர் வைக்கணும். பாதிப் பேர் தப்பு பண்றது இங்கதான். வாஷரைப் பார்க்கணும், நசுங்கியிருந்தா புதுசு போடணும். கசியுதேன்னு மரையில டெஃப்ளான் டேப் சுத்துறது வீண்வேலை, அங்க அடைக்கிறது வாஷர்தான், மரை இல்லை. எண்ணெய், கிரீஸ் கூடவே கூடாது. புது சிலிண்டர் நிமிர்ந்து நிக்கணும், சுவரோடு செயின் போட்டுக் கட்டணும். படுக்க வெச்சா திரவமே ரெகுலேட்டருக்குள்ள போயிடும். ரெகுலேட்டர் திருகைத் தளர்த்திட்டு, முகத்தை நேரா நீட்டாம பக்கவாட்டுல நின்னு, வால்வை மெதுவா திறக்கணும். கடைசியா சோப்புத் தண்ணி. குமிழி வந்தா மூடிட்டு மறுபடி பார்க்கணும். பெரிய கசிவுன்னா வெளியே ஓடணும். உள்ளே விழுந்தவரைத் தூக்க மூச்சுக்கருவி இல்லாம இன்னொருத்தர் போகக் கூடாது, ரெண்டாவது உயிர் அப்படித்தான் போகுது.

சட்டம் இல்லையான்னா, இருக்கு. 2016 கேஸ் சிலிண்டர் விதிகள். கண்காணிக்கிறது நாக்பூர்ல தலைமையகம் வெச்சிருக்கிற பெசோங்கிற மத்திய அரசு அமைப்பு. கேஸ் நிரப்பின சிலிண்டரை இரு சக்கர வண்டியில கொண்டு போகவே கூடாதுன்னு விதி. நம்ம தெருவுல மொபெட் கால் வைக்கிற இடத்துல உருண்டு போகுதே, அது என்ன? 2025 வரை இருந்த தொழிற்சாலைச் சட்டத்துல கார்பன் டை ஆக்சைடுக்கு 8 மணி நேர வரம்பு 5000 பிபிஎம்னு இருந்துச்சு. ஆனா தியேட்டர் கேன்டீன் தொழிற்சாலை இல்லையே! தம்பி அந்த ஓட்டை வழியா கீழே விழுந்தான்.

சின்ன சோடா கடை அண்ணாச்சியை மிரட்ட இந்தப் பதிவு இல்லை. அவருக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கலை. கேள்வி, மெஷினை வாடகைக்கு விடுற பெரிய கம்பெனிக்கும் சிலிண்டர் சப்ளை பண்றவங்களுக்கும். மெஷின் மாட்ட ஆள் அனுப்புறீங்கல்ல, சொல்லிக் கொடுக்க ஒரு ஆள் அனுப்ப முடியாதா? தமிழ்லயும், வேலைக்கு வந்திருக்கிற வடமாநிலத் தொழிலாளிக்குப் புரியுற இந்தி, ஒடியாவுலயும் ஒரு தாள் ஒட்ட முடியாதா? மூடின அறைன்னா ஒரு அலாரம் வைக்க முடியாதா?

"அதெல்லாம் ஓனருங்க பார்த்துப்பாங்க"ன்னு சொல்றவங்களுக்கு: கடை ஊழியருக்கு உட்கார இருக்கை கொடுக்கணும்னு 2021-ல் நம்ம சட்டமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டி வந்துச்சு. நாற்காலிக்கே சட்டம் வேண்டியிருந்த ஊர் இது. அதே சட்டத்துல சிலிண்டர் பயிற்சியையும் எழுதுங்கன்னுதான் கேக்குறோம்.

அடுத்த தடவை கடைக்குப் போறப்ப பாருங்க. செயின் இல்லாம நிக்குதா, வெயில்ல கிடக்குதா, ஜன்னல் இல்லாத அறையா? ஓனர்கிட்ட நேரா கேளுங்க. அசையலைன்னா படம் எடுத்து கமென்ட்ல போடுங்க, மாவட்ட வாரியா தொகுத்து தொழிலாளர் துறைக்கு மனுவா கொடுக்குறோம். படத்துல சிலிண்டர் மட்டும் போதும். அந்தத் தம்பியோட முகம் தெரிய வேண்டாம், அவன் வேலை போயிடும்.

#சிலிண்டருக்கு_முன்_பயிற்சி