வளைகோடு பொருந்தினால் போதுமா?

காதுமடலைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். முதலில் எதிர்ப்பே இல்லாமல் வரும். கொஞ்ச தூரம் போனதும் "இதற்கு மேல் வரமாட்டேன்" என்று அடம் பிடிக்கும். தோல், தசைநாண், இரத்தக்குழாய் எல்லாமே இப்படித்தான். விசைக்கு ஏற்ற நீட்சி என்று ராபர்ட் ஹூக் 1678-ல் வெளியிட்ட விதி எஃகுக் கம்பிக்குச் சரி, உடம்புக்குள் செல்லாது. 1847-லேயே வெர்த்தைம் என்ற விஞ்ஞானி திசுக்களை இழுத்துப் பார்த்து, கோடு நேராக இல்லை என்று எழுதிவிட்டார்.

நேர்கோடு இல்லையென்றால் வேறு என்ன? இந்த வேட்டையில் முந்திக்கொண்டவர்கள் ரப்பர்காரர்கள். 1940-ல் மூனி, 1948-ல் ரிவ்லின். ரப்பர் எவ்வளவு நீண்டாலும் அதன் கன அளவு ஏறக்குறைய மாறாது. திசுவும் பெரும்பகுதி தண்ணீர்தான், அதற்கும் அதே குணம். ஆனால் ரப்பருக்கு எல்லாத் திசையும் ஒன்று. தமனிச் சுவரிலோ கொலாஜன் இழைகள் குறிப்பிட்ட கோணங்களில் சுற்றிக் கிடக்கின்றன. ரப்பர் சட்டையைத் தமனிக்கு மாட்டினால் எங்காவது பிடிக்கத்தானே செய்யும்!

அடுத்து வந்தவர் யுவான் செங் ஃபங். காற்றில் விமான இறக்கை அதிர்வதைப் பற்றிப் புத்தகம் எழுதிய மனிதர், அந்தத் துறையை விட்டுவிட்டுத் திசுப் பக்கம் வந்தார். 1967-ல் அவர் கண்டது எளிமையானது: திசுவில் தகைவு ஏற ஏற விறைப்பும் அதற்கு நேர்விகிதத்தில் ஏறுகிறது. இதிலிருந்து எக்ஸ்பொனென்ஷியல் சமன்பாடு தானாக வந்து விழுகிறது. இரண்டே மாறிலிகள்!

வினையும் இங்கேதான் ஆரம்பம். மாறிலிகளைக் கூட்டினால் எந்த வளைகோட்டையும் பொருத்திவிடலாம் என்று எல்லோருக்கும் தெரிந்துபோனது. இன்றைக்கும் ஆய்விதழ்களில் புதுப் புது "ஆற்றல் சார்புகள்" வந்துகொண்டே இருக்கின்றன. பலவற்றுக்கு ஒரே சமையல் குறிப்புதான். யாரோ எப்போதோ அளந்த புள்ளிகள், ஒரு புதுச் சமன்பாடு, மாறிலிகளைக் கண்டுபிடிக்க ஒரு கணினி நிரல், புள்ளிகள் மேல் அழகாக உட்காரும் ஒரு கோடு. கட்டுரை முடிந்தது. ஒரு திசையில் மட்டும் இழுத்த சோதனையில் கிடைத்த மாறிலிகளை வைத்து, இரண்டு திசையிலும் இழுபடும் குழாயைக் கணக்கிட்டால் என்ன ஆகும் என்று பார்ப்பவர்கள் குறைவு. பொருந்துவது வேறு, புரிவது வேறு.

புரிவது எப்படி இருக்கும் என்பதற்கு கனடாவின் ரோச், பர்ட்டன் இருவரும் 1957-ல் செய்த சோதனையைச் சொல்லலாம். தமனியில் எலாஸ்டின், கொலாஜன் என்று இரண்டு இழைப் புரதங்கள். ஒரு துண்டில் எலாஸ்டினை நொதியால் கரைத்தார்கள், இன்னொன்றில் கொலாஜனை அமிலத்தால் நீக்கினார்கள். தொடக்கத்தில் இளகலாக நீள்வது எலாஸ்டின் வேலை, பிறகு இறுக்கிப் பிடிப்பது கொலாஜன் வேலை என்று தெளிவாகிவிட்டது. காதுமடலின் அடத்துக்கும் இதே மாதிரிதான் காரணம்: நெளிந்து கிடந்த கொலாஜன் இழைகள் நிமிர்ந்து விறைத்துக்கொள்கின்றன.

இதைவிட எளிமையான சோதனை ஒன்று உண்டு. தமனியிலிருந்து ஒரு வளையத்தை அறுத்து எடுத்து, கத்தரிக்கோலால் ஓரிடத்தில் வெட்டிவிட வேண்டும். வளையம் சும்மா இருக்காது, "ப" மாதிரி விரிந்துகொள்ளும். உள்ளே இரத்த அழுத்தமே இல்லாதபோதும் சுவரில் தகைவு ஒளிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? 1983-ல் ஃபங்கும், தனியாக வைஷ்ணவ், வொசூகி இருவரும் இதைச் சுட்டிக்காட்டினார்கள். அதுவரை பெரும்பாலான கணக்குகள் வெற்றுக் குழாயில் தகைவு பூஜ்யம் என்றே தொடங்கின. அதனால் சுவரின் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிடப் பல மடங்கு இழுபடுவதாக விடை வந்தது. ஒளிந்திருந்த தகைவைச் சேர்த்ததும் அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்தது. எத்தனை மாறிலிகளைக் கூட்டியிருந்தாலும் இந்தத் தப்பு திருந்தியிருக்காது. தப்பு சமன்பாட்டில் இல்லை, தொடங்கிய இடத்தில்!

கணிதமே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. 2000-ல் ஹோல்ஸாப்ஃபெல், காஸர், ஆக்டன் மூவரும் தந்த மாதிரியில் இழைகளின் கோணம் ஒரு மாறிலி. நுண்ணோக்கியில் பார்த்து அந்தக் கோணம் சரியா தப்பா என்று சொல்லிவிடலாம். மாட்டிக்கொள்ள வழி இருக்கிற சமன்பாடு நல்ல சமன்பாடு.

இவ்வளவு கறார் எதற்கு என்றால், வயிற்றுப் பெருந்தமனி வீங்கியவருக்கு அறுவை சிகிச்சை தேவையா என்ற முடிவில் இது வந்து நிற்கிறது. ஆண்களுக்கு விட்டம் 5.5 செ.மீ. எட்டினால் அறுவை என்பது பரவலான அளவுகோல். அதற்குக் கீழேயே சில வெடித்துவிடுகின்றன, அதைத் தாண்டியும் சில வெடிப்பதில்லை. விட்டத்தை விட்டுவிட்டு, ஸ்கேன் படத்திலிருந்து சுவரின் தகைவைக் கணக்கிட்டு முடிவெடுக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஆசை. நியாயமான ஆசைதான். ஆனால் உயிரோடு படுத்திருப்பவரின் தமனியில் வளையம் அறுத்து, அது எவ்வளவு விரிகிறது என்று பார்க்க முடியாது. அந்த எண்ணை வேறு யாரோ ஒருவரின் தமனியிலிருந்துதான் கடன் வாங்க வேண்டும். அதை எங்கிருந்து எடுத்தோம், அது மாறினால் விடை எவ்வளவு மாறும் என்பதையும் மருத்துவரிடம் கொடுக்கும் அறிக்கையில் எழுதட்டும்.