நிலமளக்கும் மின்னணுக் கருவிகள்

1808-ஆம் ஆண்டில் லாம்டன் துரையவர்கள் ஏறத்தாழ அரை டன் எடையுள்ள தியோடலைட்டைத் தஞ்சைப் பெரிய கோயிலின்மீது ஏற்றுவிக்குங்கால், கயிறறுந்து அக்கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. அவர் மனந்தளராது, தம் கையாலேயே பல வாரம் இருந்து அதனைச் செப்பஞ்செய்து மீண்டும் அளக்கலாயினர். தம் கருவியின் உறுப்பு ஒவ்வொன்றையும் அவர் அறிந்திருந்தமையே அதற்குக் காரணமாம்.

இற்றை நாள் டோட்டல் ஸ்டேஷனை ஒருவரே தூக்கி முக்காலியின்மேல் வைத்துவிடலாம். அஃது ஒளியை விடுத்து, எதிரே நாட்டிய பட்டகத்தினின்று மீளும் ஒளியலையைக் கொண்டு தூரத்தைக் கணித்து, கோணத்தையும் உடன் காட்டுகின்றது. தூரத்தை இங்ஙனம் ஒளியால் அளக்கும் கருவியை 1940-களில் ஆக்கியவர் ஸ்வீடன் நாட்டு எரிக் பெர்க்ஸ்ட்ராண்டு என்பார். சங்கிலி பிடித்துச் சேற்றிலும் முட்புதரிலும் உழன்றாரது துன்பத்தை இக்கருவிகள் நீக்கின என்பதை நாம் மறுக்கவில்லை.

ஆயினும் பட்டகத்துக்குரிய திருத்த எண்ணைத் தவறாகக் கொடுப்பின், ஒவ்வொரு தூரமும் சில சென்டிமீட்டர் பிழைபடும். காற்றின் வெப்பநிலையைப் பத்துப் பாகை மாற்றிக் கொடுப்பினோ, ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் பிசகும். அப்போதும் கருவி அதே மிடுக்குடன் மில்லிமீட்டர் வரை எண் காட்டும்! அவ்வெண்ணைக் கண்டு மயங்குவோர் பலர்.

இதனினும் பெரிதொன்றுண்டு. புள்ளி எங்குள்ளது என்பதையே கருவி அறியும். எல்லை எங்குள்ளது என்பதை அறியாது. ஏர் முனையிற் பெயர்ந்த கல்லை மீள நாட்டுதற்குப் பழைய புலப்படமும் அண்டைக் கற்களுமே சான்று. அப்படமோ சங்கிலியால் அளந்து வரையப்பட்டது. அதனைப் படிக்கத் தெரியாதவன் கையில் எத்துணை நுண்ணிய கருவி இருந்தென்? ஒரு முழம் பிசகினும், அரை ஏக்கரே உடைய ஏழைக்கு அது வரப்புச் சண்டையாகும், பின்னர் வழக்காகும். அளவைக் கற்களைப் பேணும் கடனை 1923-ஆம் ஆண்டின் சட்டம் நிலமுடையார்மேல் வைத்துள்ளது. அதனை ஆற்றுவோர் சிலரே என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஆதலின் நம் புவியியல் மாணவர், கல்லூரித் திடலை முதலிற் சங்கிலியாலும் பின்னர்க் கருவியாலும் அளந்து, இரண்டும் வேறுபடுமிடத்தில் காரணத்தை ஆராய்ந்து எழுதிவைத்தல் வேண்டுமென்பது நம் கருத்து. சங்கிலி ஒன்று நம் பண்டக அறையில் துருவேறிக் கிடக்கின்றது. சிறிது எண்ணெயிட்டாற் போதும்.