கடிகார மூடியின் கல்வெட்டு

பழம்பொருளின்மேற் பொருள் விளங்காத குறியொன்று காணப்படுமாயின், அறிந்தார்போல் உரைப்போர் பலர், ஆய்ந்துரைப்போர் சிலரே. பட்டினப்பாக்கத்து நண்பர் ஒருவர் தம் பாட்டனாரின் கைக்கடிகாரத்தை அண்மையில் எம்மிடம் காட்டினார். அதன் பின்மூடியில், மூன்று கோடுகள் ஒரு முனையிற் கூடிய குறியும், டபிள்யூ என்னும் ஆங்கில எழுத்து மும்முறையும், அவற்றையடுத்துச் சில எண்களும் பொறிக்கப்பட்டிருந்தன. மூடியின் உட்புறத்தே ஊசியாற் கீறியன போன்ற நுண்ணிய எழுத்துக்களும் இருந்தன. காக்கையின் காலடி என்றார் ஒருவர். திரிசூலம் என்றார் மற்றொருவர். செய்தவன் குலக்குறி என்றார் வேறொருவர்.

உண்மை வேறு. மேல்நோக்கிய அம்முக்கோடு ‘அகன்ற அம்பு’ எனப்படும்; பிரித்தானிய அரசின் உடைமை என்பதற்கு அஃது அடையாளம். உரிமையின்றி அதனைப் பொறித்தல் குற்றம் என அந்நாட்டில் 1875-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. மூன்று டபிள்யூவும் ‘நீர் புகாக் கைக்கடிகாரம்’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்கள். இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1945-இல், பிரித்தானியப் படைக்கென 12 நிறுவனங்கள் அளித்த கடிகாரங்களில் இவை காணப்படும். எண்கள் கணக்கிற்குரியவை. உட்கீறல்களோ, பழுது நீக்கிய கைவினைஞர் தமக்கு விளங்குமாறு இட்டு வைப்பன. அம்புகள் இரண்டு முனையோடு முனை பொருந்த நிற்பின், அப்பொருள் அரசுடைமையினின்று நீக்கி விற்கப்பட்டது எனக் கொள்ளல் வேண்டும். ஆகவே, சிறு கீறலும் ஒரு செய்தி உடைத்து.

நிற்க. மதுரையை அடுத்த மாங்குளத்துப் பாறையெழுத்துக்களை 1882-இல் ராபர்ட் சிவெல் கண்டறிந்தார். அத்தகைய குகை எழுத்துக்களின் மொழி தமிழே என்பதை 1924-இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். இடைப்பட்ட 42 ஆண்டுகளில், விளங்காத கீறல்கள்தாமே என்று எவரேனும் அப்பாறையைச் செதுக்கி மெருகிட்டிருப்பின், நம் மொழியின் தொன்மைக்குரிய சான்று என்னாகியிருக்கும்? பளபளப்பை விரும்பிப் பழங்கடிகாரத்தின் மூடியைத் தேய்ப்பிப்போர் செய்வதும் அதுவே. கல்வெட்டைக் காப்பவர் மூடிவெட்டையும் காத்தல் தகும்.

ஆயினும், குறி கூறுவதற்கும் ஓர் எல்லை உண்டு. அம்பைக் கண்ட அளவிலே ‘எம் பாட்டனார் போர்க்களம் புகுந்த வீரர்’ எனப் பெருமை பேசுவது பொருந்தாது. பொருளை வழங்கியவர் யார் என்பதை அஃது உரைக்குமேயன்றி, அணிந்தவர் யார், அவர் கைக்கு எவ்வாறு வந்தது என்பவற்றை உரையாது. படையினர் விற்றிருக்கலாம்; பழம்பொருட் கடையிற் சில ரூபாய்க்கு வாங்கியிருக்கலாம்; நண்பர் ஒருவரின் நன்கொடையாகவும் இருக்கலாம்.

அவ்வரலாறு எந்த உலோகத்திலும் பொறிக்கப்படவில்லை. வீட்டு முதியோரின் நினைவில் மட்டுமே உளது. நூல்களைப் புரட்டிக் குறிகளுக்குப் பொருள் காணும் நாம், அம்முதியோரிடம் அமர்ந்து கேட்பதற்கு நாள் கடத்துகின்றோம். மூடியின் எழுத்து இன்னும் நூறாண்டு நிற்கும். முதியோர் நினைவு அத்துணைக் காலம் நில்லாது. ஆதலின், முதலிற் கேட்டு எழுதத் தக்கது எது என்பதைக் கற்றோர் தாமே துணிக.