மலிவான மதுவும் மனித உயிரும்



குடியினால் ஒருவர் மாண்ட வீட்டிற்குத் துக்கம் விசாரிக்கச் செல்கிறோம். “தங்கமான மனிதர், மனத்தை அடக்கத் தெரியாமல் போய்விட்டார்” என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறோம். வழியில் அவருடைய மனைவியையும் குறை கூறுகிறோம்: “இவள் கண்டித்து வைத்திருக்கக் கூடாதா?” அவருடைய அழிவுக்கு அவரும் அவர் வீட்டாருமே முழுப் பொறுப்பு என்பது நம் தீர்ப்பு. அத்தீர்ப்பு நேர்மையானதுதானா என்று இம்மாதம் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

மதுவின் கேட்டை ஆராயும் அறிஞர்கள் இக்கேள்வியை வேறு விதமாகக் கேட்டிருக்கின்றனர். 1975ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டுச் சமூகவியலறிஞர் கெட்டில் புரூன் என்பவரும் அவருடன் பணியாற்றிய பல நாட்டு ஆய்வாளர்களும் ஒரு நூலை வெளியிட்டனர். ஒரு நாட்டில் குடிக்கப்படும் மதுவின் மொத்த அளவு உயர்ந்தால், அதனால் விளையும் நோயும் சாவும் உயரும். ஆகவே மது எவ்வளவு எளிதாகக் கிடைக்கிறது என்பதைக் கட்டுப்படுத்துவது மக்களின் உடல்நலத்தைக் காக்கும் கடமையே என்பது அவர்களது முடிவு.

முப்பது ஆண்டுகள் செல்லுமுன் பின்லாந்தே இதற்குச் சான்றாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் பிற நாடுகளிலிருந்து பயணிகள் மது கொண்டுவருவதற்கு இருந்த அளவுக் கட்டுப்பாடு 2004 ஜனவரியில் நீங்கியது. மது மலிவாகக் கிடைக்கும் அண்டை நாடான எஸ்தோனியா, அதே ஆண்டு மே மாதத்தில் அவ்வொன்றியத்தில் சேரவிருந்தது. மக்கள் அங்கே சென்று வாங்கிக் குவிப்பார்கள் என்று அஞ்சிய பின்லாந்து அரசு, மார்ச் முதல் நாள் மதுவரியைச் சராசரியாக 33 விழுக்காடு குறைத்தது. அவ்வாண்டிலேயே மது அருந்தும் அளவு ஏறத்தாழ 10 விழுக்காடு பெருகிற்று. 2001 முதல் 2003 வரையிலான ஆண்டுகளோடு, 2004, 2005 ஆகிய ஆண்டுகளின் இறப்புக் கணக்கை ஆய்வாளர் ஒப்பிட்டனர். மதுவினால் நேர்ந்த இறப்புகள் ஆண்களிடையே 16 விழுக்காடும், பெண்களிடையே 31 விழுக்காடும் உயர்ந்திருந்தன. அவ்வுயர்வில் பெரும்பகுதி ஈரல் நோய் போன்ற நெடுநாள் நோய்களால் வந்தது. வேலையற்றோரும் உரிய வயதுக்கு முன்னரே ஓய்வூதியம் பெற்றோருமே அதிகமாகப் பாதிக்கப்பட்டனர்.

அந்நாட்டு மக்களின் மனவுறுதி ஒரே ஆண்டில் தளர்ந்துவிட்டதா? இல்லை. மனிதர்கள் மாறவில்லை; விலை மாறியது. 2008, 2009 ஆகிய ஆண்டுகளில் அரசு வரியை மீண்டும் உயர்த்தியது.

ஸ்காட்லாந்து நாட்டினர் இதற்கு நேர்மாறான வழியில் சென்றனர். மதுவுக்குக் குறைந்தபட்ச விலை விதிக்கும் சட்டத்தை அந்நாட்டு நாடாளுமன்றம் 2012இல் இயற்றியது. விஸ்கி உற்பத்தியாளர் சங்கத்தார் அதை எதிர்த்து வழக்காடினர். 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. 2018 மே முதல் நாள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பத்து மில்லிலிட்டர் தூய ஆல்கஹால் அங்கே ஓர் அலகு எனப்படும். ஓர் அலகுக்கு 50 பென்சுக்குக் குறைத்து எவரும் விற்கலாகாது என்று அப்போது விதிக்கப்பட்டது. ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்துச் செய்யும் ‘சைடர்’ என்னும் மது, ஏழைக் குடியர் நாடும் பானம். ஏழரை விழுக்காடு ஆல்கஹால் உள்ள அம்மதுவின் மூன்று லிட்டர்ப் புட்டியை, அவ்விதிப்படி அப்போது 11 பவுண்டு 25 பென்சுக்குக் குறைத்து விற்க முடியாதிருந்தது.

பயன் என்ன? இத்தகைய சட்டமில்லாத இங்கிலாந்தோடு ஒப்பிட்டு, 2020 இறுதி வரையிலான நிலையை ஆராய்ந்த ஆய்வு, 2023 மார்ச் மாதம் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியாயிற்று. முழுவதும் மதுவினாலேயே நேரும் இறப்புகள், சட்டம் இல்லாதிருந்தால் நேர்ந்திருக்கக்கூடியதைவிட 13.4 விழுக்காடு குறைந்தன என்று அது கணித்தது. ஆண்டுக்குச் சராசரியாக 156 உயிர்கள்! மிக வறிய பகுதிகளில்தான் நன்மை மிகுதியாக இருந்தது. 2024 செப்டம்பர் 30 முதல் அவ்விலை 65 பென்சாக உயர்த்தப்பட்டது.

ஆயினும், மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. மதுவுக்கு முற்றிலும் அடிமையாகிவிட்டோரில் சிலர், உணவைக் குறைத்துக்கொண்டு மது வாங்கியதையும் ஆய்வாளர்கள் கண்டனர். விலையேற்றம் புதிதாக விழுவோரைத் தடுக்கும். விழுந்து கிடப்பவரைத் தூக்கி நிறுத்த அதனால் மட்டும் இயலாது. அவர்களுக்கு மருத்துவமும் வேண்டும். வெறுத்து ஒதுக்காத உறவினரும் வேண்டும்.

தனி மனிதருக்குப் பொறுப்பே இல்லை என்று இதனால் ஆகிவிடாது. குடிப்பதில்லை என்று உறுதி பூண்டு, அதைக் காத்து நிற்பவர் போற்றுதற்குரியவர். ஆனால் வழுக்கும் பாதையை அமைத்துவிட்டு, விழுந்தவனை மட்டும் பழிப்பது நீதியாகாது. மதுவின் விலையையும் விற்பனையையும் முடிவு செய்யும் அதிகாரம் ஆள்வோரிடம் இருக்கிறது. அவர்களிடம் நியாயம் கேட்கும் கடமை நமக்கு இருக்கிறது.

அடுத்த முறை அத்தகைய துக்க வீட்டிற்குச் செல்லும்போது, அந்தப் பெண்ணைக் குறை கூறாமல், அவள் பிள்ளைகளின் படிப்புக்கு என்ன வழி என்று விசாரிப்போமாக.