ஒருமுறை பார்த்தால் போதுமா?

(இரண்டாமாண்டு இளநிலை அறிவியல், இயற்பியல்)

மாலையில் ஏறும் காய்ச்சலைக் காலையில் வெப்பமானி வைத்துத் தேடினால் அகப்படுமா? மின்சாரத்தின் கதையும் அதுவே. ஆயினும் ஆய்வுக்கூடத்தில் நாம் என்ன செய்கிறோம்? மல்டிமீட்டரின் முனைகளை வைக்கிறோம். ஓர் எண் தெரிகிறது. ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையொப்பம் வாங்குகிறோம். அத்துடன் அளவீடு முடிந்தது என்று எண்ணுகிறோம். அது முடிவன்று, தொடக்கமே என்பது என் கருத்து.

இதை எனக்குக் கற்பித்தது பாடநூல் அன்று. என் தாயாரின் கிரைண்டர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா மாலைதோறும் அரைத்து விற்கும் இட்லி மாவுதான் என்னைப் படிக்க வைக்கிறது. சென்ற ஆண்டு அந்தக் கிரைண்டரின் மோட்டார் இருமுறை கருகியது. புகார் கொடுத்தோம். வந்தவர் முற்பகல் 11 மணிக்கு அளந்தார். 231 வோல்ட். "கரண்டு சரியாத்தான் இருக்கு, உங்க மோட்டார்தான் பழசு" என்று சொல்லிச் சென்றார். அவர் சொன்னது பொய்யன்று. ஆனால் முழு உண்மையும் அன்று.

எங்கள் துறை ஆசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டரை ஒரு வாரத்திற்கு இரவல் தந்தார். வெறுங்கம்பி எங்கும் கைபடாதபடி இணைப்பையும் பிளக்கில் பொருத்திக் கொடுத்தார். காலை 5 மணி முதல் இரவு 10 மணி வரை அரைமணிக்கு ஒருமுறை குறித்தோம். நான் கல்லூரியில் இருந்த நேரத்தில், எழுத்துக்கூட்டிப் படிக்கும் என் அம்மா எண்களைப் பிழையின்றி எழுதி வைத்தார்.

ஏழு நாட்களும் ஒரே கதை. பகலில் 225க்குக் குறையவில்லை. மாலை ஆறரைக்குச் சரியத் தொடங்கி, ஏழரை முதல் ஒன்பது வரை 180 வோல்ட்டை ஒட்டியே நின்றது. அதுவே அம்மா மாவரைக்கும் நேரம்!

230 வோல்ட்டில் 180 என்பது 78 விழுக்காடு. தூண்டல் மோட்டாரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருமடிக்கேற்ப மாறுவதால், கிடைப்பது 61 விழுக்காடே. கல்லைச் சுற்றத் திணறும் மோட்டார் அதிக மின்னோட்டத்தை இழுக்கிறது. சுருள் சூடேறிக் கருகுகிறது. வகுப்பில் மனப்பாடம் செய்த சூத்திரம் அன்று எங்கள் வீட்டுச் சமையலறையில் பொருள் தந்தது.

அந்த வாரத்தின் வரைபடத்தைக் கொண்டுபோய்க் காட்டினோம். பிறகு யாரும் மோட்டாரைக் குறை கூறவில்லை. எங்கள் தெருவின் சில இணைப்புகள் வேறு பேஸுக்கு மாற்றப்பட்டன. இப்போது மாலையிலும் 210க்குக் கீழே இறங்குவதில்லை.

மீட்டருக்கும் எல்லை உண்டு. சாதாரண மீட்டர் ஒரு நொடிக்கு இரண்டு மூன்று முறையே எண்ணைப் புதுப்பிக்கும். மில்லிநொடியில் தோன்றி மறையும் எழுச்சி அதன் கண்ணில் படாது. அதற்கு ஆசிலாஸ்கோப் வேண்டும். மலிவான மீட்டர் எல்லாவற்றையும் சைன் அலையாகவே கருதுவதால், இன்வெர்ட்டரின் சதுர அலையில் தவறான அளவு காட்டும். மீட்டரின் பாட்டரி தளர்ந்தாலும் அளவு பிறழும். சிறும, பெரும அளவுகளை நினைவில் வைக்கும் மீட்டர்களும் உண்டு. ஆனால் எவ்வளவு இறங்கியது என்பதோடு, எப்போது இறங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது என்பதும் தெரிந்தால்தான் காரணம் விளங்கும். அதற்கு நேரத்தோடு எழுதிய ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டாமாண்டு மாணவர் ஒவ்வொருவரும், உரிய பாதுகாப்போடு, ஒரு வாரத் தொடர் அளவீடு ஒன்றையேனும் செய்ய வழிசெய்யுங்கள். வீட்டு மின்சாரம்தான் வேண்டுமென்பதில்லை; ஒரு பாட்டரி தளர்வதையோ, சூரியத் தகடு பொழுதோடு ஏறி இறங்குவதையோ குறிக்கலாம். எனக்கு ஓர் ஆசிரியரின் அன்பால் கிடைத்தது, எல்லோருக்கும் விதியாகவே கிடைக்கட்டும். மீட்டர்கள் பழுதாகுமே என்று கேட்கலாம். உண்மைதான். அலமாரியில் பூட்டிய மீட்டர் பழுதாவதில்லை. ஆனால் எந்த வீட்டுக் கிரைண்டரையும் அது காப்பாற்றுவதுமில்லை!