மருத்துவமனையில் துப்புரவு 'துணை வேலை' இல்லை

1/ "அரசு ஆஸ்பத்திரி துப்புரவை காண்ட்ராக்ட்ல விட்டாத்தான் சுத்தமா இருக்கும்." நீங்களும் கேட்டிருப்பீங்க. ஒருவேளை சொல்லியும் இருப்பீங்க. அது ஏன் தப்புன்னு ஒரு டாக்டரா சொல்றேன். நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/ முதல்ல சட்டம். ஒரு வேலையில் ஒப்பந்த முறையைத் தடை செய்யலாமா என்று முடிவெடுக்க, 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 10-வது பிரிவு நாலு விஷயம் பார்க்கச் சொன்னது. வேலை ஆண்டு முழுக்க நடக்குதா? நிறுவனத்துக்கு அவசியமா? வழக்கமா நிரந்தர ஆட்கள் செய்யறதா? முழுநேர ஆட்கள் தேவைப்படும் அளவுக்கு வேலை இருக்கா? ஆஸ்பத்திரி துப்புரவுக்கு நாலுக்கும் பதில் 'ஆமாம்'.

3/ 2025 நவம்பர் 21 முதல் அந்த இடத்துக்கு புதிய தொழிலாளர் தொகுப்பு வந்தாச்சு. மையப் பணிகளில் ஒப்பந்த ஆட்கள் கூடாது என்கிறது அது. நல்லதுதானே? விதிவிலக்கையும் படிங்க. நிறுவனமே அந்த வேலைக்காகத் தொடங்கப்பட்டதாக இல்லாவிட்டால் துப்புரவு, கழிவு அகற்றல், சலவை, காவல் எல்லாம் மையப் பணி கிடையாதாம்.

4/ அதாவது ஐ.டி. கம்பெனி வரவேற்பறையைத் துடைக்கிறதும், ஐ.சி.யூ. கட்டிலைத் துடைக்கிறதும் ஒரே கணக்கு. எம்.ஆர்.எஸ்.ஏ. மாதிரி கிருமிகள் காய்ந்த பரப்பில் வாரக்கணக்கில் உயிரோட இருக்கும். முந்தைய நோயாளி விட்டுட்டுப் போனது அடுத்தவருக்கு ஒட்டும். கட்டில் கம்பியைத் துடைக்கிறது அங்கே சிகிச்சையில ஒரு பகுதி.

5/ ஆதாரம் இருக்கா? இருக்கு. இங்கிலாந்தில் 126 மருத்துவமனை அறக்கட்டளைகளின் 2010-14 தரவுகளை வைத்து ஒரு ஆய்வு 2017-ல் வெளியானது. துப்புரவைத் தனியாரிடம் விட்ட இடங்களில் எம்.ஆர்.எஸ்.ஏ. தொற்று அதிகம். இது தொடர்பைக் காட்டும் ஆய்வு, காரணத்தை நிரூபிக்கும் ஆய்வு அல்ல. ஆனா ஒதுக்கித் தள்ளவும் முடியாது.

6/ அதே ஆய்வு இன்னொண்ணும் சொல்லுது: தனியாரிடம் விட்டால் செலவு குறைவு. மறைக்க வேண்டியதில்லை. ஆனா எப்படிக் குறைஞ்சது? ஒரு படுக்கைக்கு இருக்கும் துப்புரவு ஆட்களின் எண்ணிக்கையும் அங்கே குறைவு. ஆளைக் குறைத்து மிச்சம் பிடிப்பதற்குப் பேர் திறமையா?

7/ ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூணு தவணை: இன்னைக்கு, ஒரு மாசத்துல, ஆறாவது மாசத்துல. மருத்துவக் கழிவைக் கையாளும் எல்லாருக்கும் இதைப் போடணும்னு 2016 விதிகள் சொல்லுது. நாலு மாசத்துல ஆள் மாறும் காண்ட்ராக்டில் மூணாவது ஊசி யாருக்குப் போடுவீங்க?

8/ குப்பைப் பையில கிடந்த ஊசி குத்திடுச்சுன்னு வைங்க. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. "சொன்னா நாளைக்கு வேலைக்கு வேண்டாம்னுடுவாங்க" என்ற பயம் இருக்கிறவங்க வாயைத் திறப்பாங்களா?

9/ "அரசு ஊழியர் மட்டும் ஒழுங்கா வேலை பார்க்கிறாங்களா?" நியாயமான கேள்வி. பார்க்காதவர் மேல நடவடிக்கை எடுங்க, அதுக்கு விதி இருக்கு. காண்ட்ராக்டில் வார்டு சிஸ்டர் சூப்பர்வைசரிடம் சொல்லணும், அவர் கம்பெனியிடம் சொல்லணும், கம்பெனி ஒப்பந்தத்தைப் பார்க்கணும். அதுவரைக்கும் நோயாளி அந்தக் கட்டில்லதான் படுத்திருக்கணும்.

10/ மத்திய நீர் ஆணையத்தில் பல ஆண்டு துப்புரவும் தோட்ட வேலையும் செய்தவர்களை 2018-ல் நீக்கிட்டு, அதே வேலையை வெளியாட்களிடம் கொடுத்தாங்க. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவங்களைத் திரும்ப எடுத்து நிரந்தரமாக்கச் சொன்னது. வேலை அப்படியே இருக்கு, ஆள் மட்டும் வேண்டாம்னா அது நிர்வாகச் சீர்திருத்தம் இல்லை.

11/ அப்போ எதையுமே வெளியே விடக் கூடாதா? அப்படிச் சொல்லலை. லிஃப்ட் ரிப்பேர், ஸ்கேன் மெஷின் சர்வீஸ், கட்டடத்துக்கு வெள்ளையடிக்கிறது எல்லாம் தாராளமா விடலாம். கேட்கிறது மூணு எல்லைதான்.
அ) நோயாளியின் பாதுகாப்பைத் தொடும் அன்றாட வேலை வெளியே போகக் கூடாது.
ஆ) ஏற்கெனவே இருப்பவரை நீக்கி அந்த இடத்தை காண்ட்ராக்டருக்குத் தரக் கூடாது.
இ) எந்த வேலையை விடும் முன்னும் ஆள் எண்ணிக்கை, சம்பளம், தொற்று விகிதம் மூணையும் ஒப்பிட்டு மக்கள் முன் வைக்கணும்.

12/ நடக்காத காரியம் இல்லை. ஸ்காட்லாந்து அரசு 2008-லேயே மருத்துவமனைத் துப்புரவுக்குப் புதிய தனியார் ஒப்பந்தம் கிடையாதுன்னு முடிவு பண்ணிடுச்சு. அடுத்த முறை "காண்ட்ராக்டுக்கு விட்டா மிச்சம்"னு யாராவது சொன்னா, மிச்சம் யாருக்கு, தொற்று யாருக்குன்னு கேளுங்க.